வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை

ஜூன் 5

அக்கா,

பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் எனக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்களே, "எத்தனை மணிக்குடா தெரியும் உனக்கு? ஏன் இவ்வளவு நேரம்?" என்று. அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் தங்கை வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்ததும், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதும் பதினொன்றேகாலுக்கே, புருஷனைக் கேட்டு வந்த போனில், என் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நான் காற்றாலையின் உச்சியில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு வாக்கி-டாக்கியில் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். கேட்டதும் பதறிப் பாதுகாப்புக் கொக்கியை மாற்றி மாட்டுவான். அதனால் எங்கள் ஃபோர்மேன், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோமே அவர், "காத்து ஏறுதுப்பா, இறங்கிடு" என்று மட்டும் சொன்னார்.

காற்று ஏறவில்லை. மீட்டர் என் கண் முன்னால் இருந்தது. "அண்ணே, காத்து சும்மாதானே இருக்கு?" என்றேன். "சொன்னா கேளு. நிதானமா வா" என்றார். நான் அலுத்துக்கொண்டேன். சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தேன். பாதி வழியில் ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தேன். கீழே வந்ததும் நெட்டை என் இடுப்புப் பட்டையைத் தன் கையாலேயே கழற்றினார். அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அவ்வளவுதான் அக்கா. வேண்டுமென்று தாமதிக்கவில்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். இன்னொரு விஷயம். படுக்கையில் இருக்கும் உங்கள் அப்பாவின் செலவுக்கு அவள் மாதாமாதம் அனுப்புவாளே, அந்தப் பணம் ஒன்றாம் தேதி உங்களுக்கு வந்திருக்கும். நான் அனுப்பவில்லை. அவள் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி அமைத்து வைத்தது. நிறுத்த வேண்டுமென்றால் அவள் இல்லை என்று வங்கிக்குச் சொல்ல வேண்டும். வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

கடிதம் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். நெட்டை செஞ்சது சரிதான். நீயும் மேல இருந்து விழுந்திருந்தா நான் எத்தனை பேருக்குத்தான் அழுறது. அந்தக் கோபம் போச்சு.

மத்த கோபம் போகல. என் தங்கச்சிய நடு ஹால்ல கிடத்தியிருக்கு. சொந்தபந்தம் எல்லாம் சுத்தி நிக்குது. நீ என்ன பண்ணே? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேன் ரிப்பேர் பண்ணே. "மெதுவா ஓடுது சித்தப்பா, கெப்பாசிட்டர் போயிடுச்சு"ன்னு விளக்கம் வேற. அந்த மனுஷன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அழுதா உன்னை யாராவது அடிக்கவா போறோம்?

ஒண்ணாம் தேதி காலையில அப்பாவுக்கு முகம் துடைச்சு விட்டுட்டு இருந்தேன். போன் சத்தம் கேட்டுச்சு. எடுத்தா அவ பேரு. அவ பேர்ல பணம். அந்த ஒரு நொடி நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "இவளுக்கு ஒண்ணாம் தேதி பொறக்கக் கூடாது, அனுப்பிட்டுத்தான் பல்லே விளக்குவா"ன்னு எப்பவும் நினைக்கிறதையே நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. அப்பா, "யாரு, சின்னவளா?"ன்னார். அவருக்கு நாங்க இன்னும் சொல்லல. "ஆமாப்பா"ன்னேன்.

அதனால நிறுத்து. வானத்துல சுத்துற ராட்சசக் காத்தாடியையே நிறுத்தி ஓட்டுறவன் நீ. ஒரு பணத்தை நிறுத்த மாட்டியா? நிறுத்தினா அப்பா மருந்துக்கு என்ன பண்ணுவேன்னு மட்டும் கேக்காதே. எனக்குத் தெரியல.

இனிமே வீட்டுக்கு எழுதாதே. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட நூலகத்துக்கு எழுது. அங்க வர்ற தபால் என் மேஜைக்கு நேரா வரும். வீட்டுக்கு வர்ற தபாலை உன் சகலை பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பார். என் போனும் அப்படித்தான். நீ கூப்பிட்டப்போ நான் எடுக்காததுக்கு கோபம் பாதி, அது பாதி.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நிறுத்தத்தான் வங்கிக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "சொல்லுங்க சார்" என்றார்.

"ஒருத்தங்க கணக்கு வெச்சிருக்காங்க. அவங்க இல்லாம போயிட்டா என்ன பண்ணணும்?"

"யாருக்கு சார்?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"ஜாயின்ட் அக்கவுண்டா?"

"இல்ல. அவங்க பேர்ல மட்டும்."

"நாமினி போட்டிருக்காங்களா? இறந்தா பணத்தை யார் கையில குடுக்கணும்னு ஒரு பேரு எழுதிக் குடுத்திருப்பாங்களே."

"போட்டிருக்கு. யாருன்னு தெரியல. நீங்க பார்த்துச் சொல்ல முடியுமா?"

"அதைக் கணக்குக்காரங்களுக்குத்தான் சொல்லுவோம். ஒரு தடவை அவங்களை நேர்ல வரச் சொல்லுங்க."

"சரி, சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன் அக்கா.

நீங்கள் என்னைத் திட்டும் முன்னால் இதையும் கேளுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. என் சம்பளம் என் பெயரில் வந்த அன்றைக்கே அவள் கணக்குக்குத் தானாகப் போய்விடும். நான்தான் அப்படி அமைத்தேன். எங்கள் குழுவில் ஒரு வெல்டர் விழுந்து இறந்தார். அவரும் மனைவியும் ஜாயின்ட் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும் என்கிற வகை. ஒரு கையெழுத்து மண்ணுக்குள் போய்விட்டது. அந்த அம்மா நடந்த நடை எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஜாயின்ட்டே வேண்டாம், எல்லாம் உன் பெயரில் மட்டும் இருக்கட்டும், நான் போனால் நீ யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்று சொன்னேன். "நீ போகிறதுக்கு இவ்வளவு ஏற்பாடா? கல்யாணத்துக்குக்கூட இப்படிச் செய்யலையே" என்று சிரித்தாள். நான் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ், ஃப்யூஸ் பெட்டி, தண்ணீர் மோட்டார். பரீட்சை வைத்தேன். எல்லாம் சரியாகச் சொன்னாள்.

அவள் முதலில் போவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உயரத்தில் வேலை செய்கிறவன் நான்தானே.

ஜாயின்ட்டிலேயே இரண்டு பேரில் யார் இருந்தாலும் எடுக்கலாம் என்கிற வகை ஒன்று இருக்கிறதாம். வங்கிச் சுவரில் அதை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை அன்றைக்குக் கேட்டிருந்தால் போதும். ஒரு பேரிங் மாற்ற கையேட்டை அட்டை வரை படிக்கிறவன் நான். இதை ஒரு ஆளிடமும் கேட்கவில்லை.

இப்போது நான் அவள் கார்டை வைத்துத்தான் வாடகை கட்டுகிறேன், ரொட்டி வாங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் பெயர் போட்டு என் போனுக்குச் செய்தி வருகிறது. நீங்கள் இவ்வளவு செலவு செய்தீர்கள் என்று அவளிடம் சொல்கிறது. அந்தச் செய்தி வருகிறவரைக்கும் வங்கியில் சொல்லத் தோன்றவில்லை.

அவள் கணக்குத் தொடங்கியது கல்யாணத்துக்கு முன்னால். நாமினி யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தம்பி


ஜூலை 3

தம்பி,

நாமினி நான்தான்டா.

முதல் சம்பளம் வாங்கின வாரம் என்னையும் இழுத்துட்டுப் போய் கணக்கு ஆரம்பிச்சா. அங்க ஒருத்தர், "நாமினி யாரும்மா?"ன்னார். இவ என்னைக் கை காட்டி, "இந்தப் பொம்பளைதான். நான் செத்தா என் நைட்டியைக்கூட விட மாட்டா, காசையும் அவளே வெச்சுக்கட்டும்"னா. கவுன்ட்டர்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் தலையில ஒரு தட்டு தட்டினேன். கல்யாணம் ஆனதும் மாத்துடின்னு சொல்லியிருக்கணும். எனக்கும் தோணல.

இப்ப நான் சொல்றதைக் கேளு. போன கடிதத்துல நிறுத்துன்னு சொன்னேனே, அதை விடு. வங்கிக்குச் சொல்லாதே.

ஏன்னு கேட்டா, சொன்ன உடனே அந்தப் பணம் என் கணக்குக்கு வரும். என் கணக்குன்னு ஒண்ணு கிடையாது. அவரோட சேர்ந்த கணக்கு. கார்டு அவர் சட்டைப்பையில. என் சம்பளம் எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும், அதுல எவ்வளவு மிச்சம்னு எனக்குத் தெரியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வெளிய கேட்டா தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. பஸ்ஸுக்குக் காசு கேட்டா மட்டும், "எந்த பஸ்? ஏன் நடந்தா என்ன?"ன்னு விசாரணை. நானும் என் தங்கச்சியும், சரி, உன் பொண்டாட்டியும் அவருக்கு வெச்ச பேரு வீட்டுக் கஜானா.

அந்தக் கஜானா இப்பவே மோப்பம் பிடிச்சாச்சு. நேத்து அப்பா ரூம்ல உக்கார்ந்து, "சகலை நல்ல சம்பளம். புள்ள குட்டி இல்ல. ரெண்டு பேரும் எங்கயாவது சேர்த்து வெச்சிருப்பாங்களே?"ன்னார். எனக்கு என்ன தெரியும்னுட்டேன். "உன் தங்கச்சி உன்கிட்ட சொல்லாமலா இருப்பா?"ன்னார். கடையைப் பெருசு பண்ணணும்னு நாலு வருஷமா ஆசை. நான் நாமினின்னு தெரிஞ்சா, நீ இத்தனை வருஷம் உயிரைக் கையில புடிச்சு ஏறினது எல்லாம் அவர் கடை அலமாரி ஆயிடும். குடுக்காதீங்கன்னு சொல்ற தெம்பு எனக்கு இல்ல. இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்.

இந்த ஒண்ணாம் தேதியும் வந்துச்சு. இந்தத் தடவை திட்டல. அவ பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

உன் சம்பளத்தையாவது அங்க அனுப்புறதை நிறுத்துடா மடையா.

அக்கா


ஜூலை 14

அக்கா,

சொல்லாமலும் இருக்க முடியாது போலிருக்கிறது.

வங்கியிலிருந்து செய்தி. கணக்கு வைத்திருப்பவர் அடையாள அட்டையோடும் புதுப் போட்டோவோடும் இந்த மாதக் கடைசிக்குள் நேரில் வர வேண்டுமாம். வராவிட்டால் கணக்கைப் பூட்டிவிடுவார்களாம். எல்லோருக்கும் வருகிற செய்திதான். அவளை வரச் சொல்கிறார்கள்.

போன வாரம் ரொட்டிக் கடைப் பெண் கார்டைத் திருப்பித் தரும்போது, "மேடம் வர்றதே இல்லையே, நல்லா இருக்காங்களா?" என்றாள். "நல்லா இருக்கா" என்றேன். மறுநாள், "ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றாள். "ஆமா" என்றேன். "எப்ப வருவாங்க?" என்றாள். இப்போது இரண்டு தெரு சுற்றி வேறு கடைக்குப் போகிறேன். அங்கேயும் அவள் கார்டுதான்.

கம்பெனியில் என்னை மேலே ஏற்றுவதில்லை. நெட்டை, "கொஞ்ச நாள் கீழயே இரு, உன் கண்ணு சரியில்ல" என்கிறார். கீழே நட்டு போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து வைக்கிறேன்.

ஒரு வழி யோசித்தேன். படிப்படியாக எழுதுகிறேன், மன்னியுங்கள், எனக்கு இப்படித்தான் எழுத வரும். அதே வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்குங்கள். முகவரி நூலக முகவரி. நாமினி என்ற முறையில் உங்களுக்கு வருகிற பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும், சேர்ந்த கணக்குக்குப் போக வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன், இந்த முறையும் தெரிந்தவர்களுக்கு என்று. நீங்கள் ஒரே ஒரு வேலை நாளில் வந்தால் போதும். அன்றைக்கே நானும் சொல்லிவிடுகிறேன்.

வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அந்தப் பணத்தில் நாங்கள் ஒரு சின்ன வீடு வாங்குவதாக இருந்தோம். இப்போது வீடு வேண்டுமா என்று தெரியவில்லை. சகலையின் கடை அலமாரியாக மட்டும் ஆகக் கூடாது. அது தெரிகிறது.

தம்பி


ஜூலை 20

தம்பி,

நீ எழுதினதைப் படிச்சுட்டு நூலகத்துல புத்தக அலமாரிக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன். ஒரு டீச்சர், "என்னம்மா, எலியா?"ன்னு கேட்டாங்க.

நாப்பத்திநாலு வயசாகுது. தனியா ஒரு வங்கிக்குள்ள போனது இல்ல. என் அடையாள அட்டை அவர் பீரோல இருக்கு. சாவி அவர்கிட்ட. பள்ளிக்கூடத்துல நகல் கேக்கிறாங்கன்னு சொல்லித்தான் வாங்கணும். பொய் சொன்னா என் காது சிவந்துடும், அவருக்குத் தெரியும்.

இன்னொண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதே. நீ யோசிச்சியா? அந்தப் பணம் என் பேர்ல வந்த பிறகு நான் தர மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவே? எத்தனை வருஷம் கோர்ட்டு வாசல்ல நிப்பே? எனக்கே பயமா இருக்கு. என் பேர்ல காசு இருந்து பழக்கமே இல்ல. இருந்தா நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது. அப்பாவைத் தூக்கிட்டு இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்னு தோணும். அது உன் காசுன்னு மறந்துகூடப் போகும். முன்னாடியே சொல்லிட்டேன்.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீ வங்கியில சொன்னா ஒண்ணாம் தேதி பணம் நின்னுடும், அவர் கேப்பார். அதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு தோணுச்சு. அவ போயிட்டாப்பான்னேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டார். "தெரியும். அவ வந்து என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு"ன்னார். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நடிச்சுட்டு இருந்திருக்கோம்.

முப்பத்தொண்ணு, வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வர்றேன். அட்டை கிடைச்சா.

அக்கா


ஜூலை 31

அக்கா,

காலையில் பஸ் வந்துவிட்டதால் உங்களிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நேரில் நின்றாலும் பேசியிருக்க மாட்டேன்.

கண்ணாடி அம்மா என்னைப் பார்த்ததும், "தெரிஞ்சவங்களுக்குன்னு கேட்டீங்களே, நீங்கதானே?" என்றபோது நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். "ஆமா. என் மனைவி. மே மாசம் இறந்துட்டா" என்றேன். அவள் இறந்துவிட்டாள் என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபேன் ரிப்பேர் செய்த அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இறந்த தேதிக்கு அப்புறமும் கார்டு ஓடியிருக்கே. யார் எடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "அது தப்பு சார்." தெரியும் என்றேன். இனி ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும், தலைமை அலுவலகம் பார்க்கும், நாமினிக்கு ஆட்சேபனை இருந்தால் போலீஸ் வரைக்கும் போகலாம், அதுவரை ஒரு காசு நகராது என்றார். என் வாடகை, ரொட்டி எல்லாம் வரிசையாக அச்சடித்து உங்கள் முன்னால் வைத்தார்.

நீங்கள் உடனே கையெழுத்துப் போடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தீர்கள். அக்கா வேண்டாம் என்று சொன்னால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "வெறும் ரொட்டிதானே வாங்கியிருக்கான்" என்றீர்கள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "இத்தனை நாளா என் தங்கச்சியா இருந்தது இவன்தான் மேடம். அவ பேர்ல எங்கப்பாவுக்குக் காசு வந்துச்சு, அவ பேர்ல வாடகை போச்சு. எனக்கு ஆட்சேபனை இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றீர்கள்.

அப்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் இல்லை. சும்மா நின்றேன்.

திரும்பி வந்தபோது புதுக் கணக்குக்கு நாமினி யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். "உறவு?" என்றதற்கு "தம்பி" என்றீர்கள். "கூடப் பிறந்தவரா?" "எழுதுங்க மேடம்" என்றீர்கள். எழுதிக்கொண்டார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். பணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. வேண்டும். ஆனால் அவசரம் இல்லை. எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. அது வந்த பிறகு மாமாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கிளம்புவதானால் கிளம்புங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். என் சம்பளம் இனி என்னிடமே நிற்கும். நாளைக்கு ஒன்றாம் தேதி. அவள் பெயரில் ஒன்றும் வராது. மாமாவின் மருந்துக்கு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பகலில் சகலை கூப்பிட்டார். நீங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனாராம், நீங்கள் விடுப்பு என்றார்களாம். "சகலை, இவ எங்க போனா? உங்க பக்கம் வந்தாளா?" என்றார். "சரியா கேக்கல, சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டேன். அப்போதிலிருந்து விடாமல் அடிக்கிறார். சாயங்காலம் ஒரு செய்தி: "மறைக்காதீங்க. வீட்டுக்கு வரட்டும், கேட்டுக்கிறேன்."

நீங்கள் இப்போது வீடு சேர்ந்திருப்பீர்கள். அவர் என்ன கேட்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எதுவும் எனக்குத் தெரியாது. உங்களை எச்சரிக்கவும் வழியில்லை. உங்கள் போன் அவர் கையில் இருக்கும். இந்தக் கடிதம் உங்கள் மேஜைக்கு வரத் திங்கள்கிழமை ஆகிவிடும்.

மறுபடி அடிக்கிறார். எடுத்தால் சொல்லிவிடுவேன் அக்கா. இனிமேல் என்னால் பொய் சொல்ல முடியாது, இன்றைக்குக் காலையோடு அது போய்விட்டது. நீங்களாக அவரிடம் சொல்கிறவரைக்கும் அந்தக் கணக்கு விஷயம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

போனை அணைத்துவிட்டேன்.

தம்பி